இல்லாத தீவின் பெயரில் ஒரு குற்றப்பத்திரிகை: மறுமலர்ச்சிக் கால இலட்சிய நாடுகளை எப்படிப் படிப்பது

எல்லாருக்கும் அடிப்படை வருமானம் கொடுக்கலாம், வாரத்துக்கு நான்கு நாள் வேலை போதும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், தொலைக்காட்சி விவாதத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் "அதெல்லாம் யுட்டோப்பியா சார்" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறார். நடக்காத பகல்கனவு என்று அர்த்தம். இடதுசாரி எழுத்துகளில் 'கற்பனாவாதம்' என்று வருவதும் ஏறக்குறைய இதே வசைதான். ஆனால் இந்தச் சொல்லைப் பிறப்பித்த 'யுட்டோப்பியா' என்ற புத்தகத்தை எடுத்துப் படிப்பவருக்குத் தலை சுற்றும். எழுதிய தாமஸ் மோர் லண்டனில் வழக்கு விசாரித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல், கம்பளி வியாபாரத்துக்காக வெளிநாட்டில் பேரம் பேசப் போனவர். அவருடைய 'இலட்சிய' நாட்டில் அடிமைகள் இருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இது என்ன இலட்சியம் என்று கேட்கத் தோன்றினால் அது நியாயமான கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 16, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட இந்தக் கற்பனை நாடுகளைக் கட்டட வரைபடம் போலப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எழுதியவர் தன் சொந்த நாட்டின் மேல் வைத்த குற்றப்பத்திரிகை என்று எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும். பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன். இந்தச் சாவியால் திறக்காத பூட்டுகளும் இருக்கின்றன, அவற்றையும் பார்க்கலாம்.

அடிப்படை: இது என்ன வகை எழுத்து?

சொர்க்கம், பொற்காலம், பாலும் தேனும் ஓடும் நாடு என்ற கற்பனைகள் எல்லா மொழியிலும் உண்டு. அங்கே நிலம் தானாக விளையும், அல்லது கடவுள் பார்த்துக்கொள்வார். இங்கே பேசுவது அதை அல்ல. இந்த வகையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வரும்:

1. சாதாரண மனிதர்கள், சாதாரண மண், சாதாரண பசி. நாடு நன்றாக இருப்பதற்கு ஒரே காரணம் அவர்கள் வகுத்துக்கொண்ட சட்டமும் ஏற்பாடும்.
2. அந்த நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகச் சொல்லும் ஒரு பயணி. அவன் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்பது கடைசிவரை தொங்கலில் இருக்கும்.
3. வாய்விட்டுச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு பத்தியிலும் 'நம் ஊரில் எப்படி இருக்கிறது பார்' என்ற ஒப்பீடு.

மூன்றில் முதலாவதுதான் உயிர்நாடி. வறுமைக்கும் திருட்டுக்கும் மனிதனின் பாவமோ விதியோ காரணமில்லை, ஏற்பாடுதான் காரணம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால், ஏற்பாட்டை மாற்றலாமே என்ற அடுத்த கேள்வியைத் தடுக்க முடியாது.

இந்த வகை ஏன் அந்தக் காலத்தில் முளைத்தது? பிளேட்டோ இலட்சிய நகரம் பற்றி எழுதி ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் மார்சிலியோ ஃபிசினோ லத்தீனில் பெயர்த்த பிளேட்டோ முழுத்தொகுப்பு 1484ல் ஃபிளாரன்ஸில் அச்சேறிய பிறகுதான் மேற்கு ஐரோப்பாவின் படித்தவர்கள் பலருக்கு அவர் கைக்கெட்டினார். 1492ல் கொலம்பஸ், 1498ல் வாஸ்கோ ட காமா. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிகோ வெஸ்புச்சியின் பயணக் கடிதங்கள் சிறு நூல்களாக அச்சாகி ஊர் ஊராகப் பரவின. புதிதாகக் கண்ட அமெரிக்கக் கரைகளில் மனிதர்களுக்குச் சொத்து கிடையாது, அரசன் கிடையாது என்று அவை சொல்லின. அதில் எவ்வளவு உண்மை என்பது வேறு கதை. இப்படியும் வாழ முடியும் போலிருக்கிறதே என்ற எண்ணம் வாசகர் மனதில் விழுந்துவிட்டது, அது போதும்.

1515: கம்பளிக்காகப் போன தூதர்

தாமஸ் மோர் (1478–1535) அப்போது லண்டன் நகரத்தின் துணை ஷெரிஃப், அதாவது நகர நீதிமன்றத்தில் வழக்குக் கேட்கிற பொறுப்பு. 1515ல் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக, இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸ் போனார். கம்பளி, துணி வணிகம் தொடர்பான சிக்கல்களைத் தீர்க்கிற பேச்சுவார்த்தை. நடுவில் பேச்சு நின்றுபோய் சும்மா இருக்க வேண்டிய நிலை. ஆன்ட்வெர்ப் போய், அந்நகரத்து எழுத்தர் பீட்டர் கைல்ஸுடன் தங்கிய அந்த ஓய்வில்தான் தீவு பிறந்தது.

இப்போது நாம் படிக்கும் 'யுட்டோப்பியா'வில் இரண்டு பகுதிகள். தீவை விவரிக்கும் இரண்டாம் பகுதியைத்தான் முதலில் எழுதினார். லண்டன் திரும்பி, 1516ல், இங்கிலாந்தை நேரடியாகத் தாக்கும் முதல் பகுதியை எழுதி முன்னால் ஒட்டினார். அதே ஆண்டு லூவேனில், நண்பரும் அறிஞருமான எராஸ்மஸின் மேற்பார்வையில், லத்தீனில் அச்சானது. பலர் முதல் பகுதியைத் தள்ளிவிட்டு நேராகத் தீவுக்குப் போய்விடுகிறார்கள். குழப்பத்துக்கு முக்கால் காரணம் அதுதான். நோயைப் பற்றிய பேச்சைத் தாண்டிவிட்டால் மருந்து வினோதமாகத்தானே தெரியும்.

ஆடு மனிதனைத் தின்னும் கதை

முதல் பகுதியை விளங்கிக்கொள்ள 'வேலியடைப்பு' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். இங்கிலாந்தின் பல கிராமங்களில் வயல்கள் வேலியில்லாமல் திறந்து கிடக்கும். குடியானவர்கள் அவரவர் நிலப் பட்டைகளை உழுவார்கள். அதோடு ஊர்ப் பொதுவில் மேய்ச்சல் நிலமும் விறகுக்காடும் உண்டு. நம் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு நிலம் என்று இல்லாமல் வழக்கத்தால் வந்த உரிமை. கம்பளிக்கு நல்ல விலை கிடைக்க ஆரம்பித்ததும் நிலப்பிரபுக்கள் கணக்குப் போட்டார்கள். உழுதால் பல கை வேண்டும், ஆடு மேய்க்க ஒருவன் போதும். வயலையும் பொது நிலத்தையும் வேலி போட்டு மேய்ச்சலாக்கினார்கள், குடியானவர்களைக் கிளப்பினார்கள். சில ஊர்களில் தேவாலயம் மட்டும் மிஞ்சியது, அதுவும் ஆட்டுப்பட்டியாக.

இது மோர் ஒருவருடைய புலம்பல் இல்லை. ஊர்கள் காலியாவதைத் தடுக்க 1489லேயே சட்டம் வந்தது, 1515ல் இன்னொன்று. 1517ல் அரசனின் தலைமை அமைச்சராக இருந்த கர்தினால் வுல்சி விசாரணைக் குழுவே அமைத்தார். சட்டம் போட்டவர்களும் வேலி போட்டவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்களாக இருந்ததால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

புத்தகத்தில் இதைச் சொல்பவன் ரஃபேல் ஹித்லோடே என்ற போர்த்துக்கீசியப் பயணி. கர்தினால் மார்ட்டனின் சாப்பாட்டு மேசையில் ஒரு வக்கீல், திருடர்களை எப்படிக் கடுமையாகத் தண்டிக்கிறார்கள் பாருங்கள், சில நேரம் ஒரே தூக்குமரத்தில் 20 பேர் என்று பெருமை பேசுகிறார். அப்புறமும் நாடு முழுக்கத் திருடர்கள் நிறைந்திருப்பது ஏன் என்றுதான் புரியவில்லை என்று வியக்கவும் செய்கிறார். ரஃபேல் அதற்குப் படிப்படியாகக் கணக்குச் சொல்கிறான்:

1. பிரபுக்கள் எந்தத் தொழிலும் தெரியாத எடுபிடி ஆட்களைக் கூட்டமாக வைத்துக்கொள்கிறார்கள். எசமான் செத்தாலோ ஆள் நோயில் விழுந்தாலோ வெளியே தள்ளுகிறார்கள்.
2. ஆடுகள், முன்பெல்லாம் சாதுவாக இருந்தவை, இப்போது மனிதர்களையே விழுங்குகின்றன. வயல், வீடு, ஊர் எல்லாம் அவற்றின் வயிற்றில் போகின்றன.
3. கிளப்பப்பட்டவர்கள் இருந்த தட்டுமுட்டுச் சாமானை வந்த விலைக்கு விற்று, அதுவும் தீர்ந்ததும், ஒன்று பிச்சை எடுக்க வேண்டும் அல்லது திருட வேண்டும். பிச்சை எடுத்தால் வேலையில்லாமல் திரிந்த குற்றத்துக்குச் சிறை.
4. ஆடு பெருகியும் கம்பளி விலை இறங்கவில்லை, ஏனென்றால் ஆடுகள் சில பணக்காரர் கையில். அவர்கள் நினைத்த விலை வரும்வரை விற்பதில்லை. கம்பளி வாங்க முடியாமல் ஏழை நெசவாளியும் வேலையின்றி நின்றுபோகிறான்.
5. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே தண்டனை என்றால் திருடன் சாட்சியை விட்டுவைப்பானா? சட்டமே கொலையைத் தூண்டுகிறது.

ஆக, நீங்களே திருடர்களை உருவாக்குகிறீர்கள், பிறகு நீங்களே தூக்கில் போடுகிறீர்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்தில் குற்றத்தின் காரணத்தைக் குற்றவாளியின் குணத்தில் தேடாமல் நிலத்திலும் விலையிலும் தேடியிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். கம்பளி வணிகத்துக்காகத் தூது போன மனிதர், கம்பளியின் முழு விலை என்ன என்று எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தக் காட்சியிலேயே இன்னொரு குத்தல் இருக்கிறது. தூக்குக்குப் பதிலாக உழைப்புத் தண்டனை கொடுக்கலாம், திருடியதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யலாம் என்று ரஃபேல் சொன்னதும் மேசையில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கர்தினால் மட்டும் 'சோதித்துப் பார்க்கலாமே' என்கிறார். உடனே அத்தனை பேரும் ஆகா அருமை என்று பாராட்டுகிறார்கள். அரசவை எப்படி இயங்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தீவைத் தலைகீழாகப் படிப்பது

இனி இரண்டாம் பகுதி. பிறை வடிவத் தீவு. முன்பு நிலத்தோடு ஒட்டியிருந்ததை யுட்டோப்பஸ் என்ற அரசன் 15 மைல் கால்வாய் வெட்டிப் பிரித்தான். 54 நகரங்கள், எல்லாவற்றிலும் ஒரே மொழி, ஒரே சட்டம், சொத்துரிமை கிடையாது. ஒவ்வொரு விதியையும் படித்தவுடன் 'இது எதற்கு எதிர்ப்பேச்சு?' என்று கேட்டுப் பாருங்கள்.

1. ஒரு நாளைக்கு 6 மணி நேர வேலை. மதியத்துக்கு முன் மூன்று, பின் மூன்று. இது போதுமா என்ற சந்தேகத்துக்கு ரஃபேலே பதில் சொல்கிறான். மற்ற நாடுகளில் யார் யார் வேலை செய்யாமல் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரபுக்கள், அவர்களுடைய ஆட்கள், குருமார் கூட்டம், உடம்பு நன்றாக இருந்தும் நோய் நடிக்கும் பிச்சைக்காரர்கள். வேலை செய்பவர்களிலும் பாதிப் பேர் ஆடம்பரச் சாமான் செய்கிறவர்கள். இந்தக் கணக்கில் பெண்களையும் பெரும்பாலும் சும்மா இருப்பவர்களாகச் சேர்த்துவிடுகிறான். சமையலும் பிள்ளை வளர்ப்பும் வேலை இல்லையாம். சுவாரஸ்யம் என்னவென்றால் அதே தீவில் பொதுப் பந்திக்குச் சமைப்பது பெண்கள்தான், வீட்டுக்கு வீடு முறை வைத்து.

2. தங்கத்தில் மூத்திரச் சட்டி. அடிமைகளுக்குப் பூட்டும் சங்கிலியும் தங்கம், முத்தும் வைரமும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். ஒருமுறை வெளிநாட்டுத் தூதர்கள் தங்கச் சங்கிலியும் தொப்பியில் மணிகளுமாக வந்து இறங்க, தெருவில் நின்றவர்கள் எளிய உடையில் வந்த வேலைக்காரர்களைத் தூதர்கள் என்று வணங்கி, தூதர்களை அடிமைகள் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பையன் 'அம்மா, இவ்வளவு பெரிய ஆள் இன்னும் முத்து போட்டிருக்கிறானே' என்கிறான், 'சும்மா இரு, தூதர்களின் கோமாளியாக இருக்கும்' என்கிறாள் தாய். எழுதியவரே ஒரு தூதர் என்பதை மறக்க வேண்டாம்.

3. கதவுக்குப் பூட்டு இல்லை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கல் போட்டு வீடு மாற்றிக்கொள்கிறார்கள். பரம்பரைச் சொத்தை மையமாக வைத்து இயங்கிய ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி கொடுக்க முடியாது.

4. சட்டங்கள் கொஞ்சம், வக்கீல்கள் இல்லவே இல்லை. வக்கீல் எழுதியது.

5. அண்டை நாடுகளோடு ஒப்பந்தமே செய்துகொள்வதில்லை. ஐரோப்பாவில் அரசர்களின் நேர்மையாலும் போப்பாண்டவர்கள் மீதுள்ள பயபக்தியாலும் ஒப்பந்தங்கள் புனிதமாகக் காக்கப்படுகின்றன என்று முகத்தில் சிரிப்பில்லாமல் ஒரு வாக்கியம் வருகிறது. அக்காலத்து இத்தாலியப் போர்களில் கூட்டணிகள் மாறிய வேகத்தை அறிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

கடைசியில் ரஃபேல் முகமூடியைக் கழற்றிவிடுகிறான். இன்றைய நாடுகளை எப்படிப் பார்த்தாலும், பொதுநலம் என்ற பெயரில் பணக்காரர்கள் தங்கள் ஆதாயத்துக்காகச் செய்யும் சதியாகத்தான் தெரிகிறது என்கிறான். முழு நூலும் இந்த ஒரு வாக்கியத்தை நோக்கித்தான் நகர்கிறது என்பது என் எண்ணம்.

நேராகச் சொல்லாமல் ஏன் கதை?

பயம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. முதல் பகுதியில் அரசனுக்குப் பணம் சேர்க்க அமைச்சர்கள் யோசனை சொல்வதாக ஒரு காட்சி வருகிறது. நாணய மதிப்பை ஏற்றி இறக்கலாம், எல்லாரும் மறந்துபோன பழைய சட்டங்களைத் தோண்டியெடுத்து அபராதம் போடலாம் என்கிறார்கள். 'ஏதோ ஓர் அரசன்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஏழாம் ஹென்றி காலத்தில் இந்த வேலையைச் செய்த எம்ப்சனும் டட்லியும் 1510ல்தான் தலை வெட்டப்பட்டார்கள். யாரைச் சொல்கிறார் என்று லண்டனில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

அதனால் மோர் பல திரைகளைப் போட்டார். புத்தகத்துக்குள் 'மோர்' என்று ஒரு பாத்திரம் வந்து ரஃபேலை மறுத்துப் பேசுகிறது. தீவின் ஆறு, நகரம், பயணி எல்லாவற்றுக்கும் கிரேக்கத்தில் நையாண்டிப் பெயர், கிரேக்கம் தெரிந்தவனுக்கு மட்டும் பிடிபடும். எழுதியது லத்தீனில், தாய்மொழியில் அவர் உயிரோடிருந்தவரை வரவேயில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு 1551ல், அவர் இறந்து 16 ஆண்டுக்குப் பிறகு.

இரண்டாவது காரணம் சுவையானது. நல்ல மனிதன் அரசனிடம் வேலைக்குப் போகலாமா என்பதுதான் முதல் பகுதியின் பெரிய சண்டை. போனால் ஒன்று நானும் கெடுவேன், இல்லை விரட்டுவார்கள் என்கிறான் ரஃபேல். சபையறிந்து, சுற்றிவளைத்துப் பேசு, நல்லதாக மாற்ற முடியாததைக் கெடுதல் குறைந்ததாகவாவது ஆக்கு என்கிறது 'மோர்' பாத்திரம். அந்தச் சுற்றிவளைத்துப் பேசும் வழிதான் இந்தப் புத்தகமே. அதை எழுதிய ஓரிரு ஆண்டில் மோர் அரச சபையில் சேர்ந்தார், 1529ல் நாட்டின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றான லார்டு சான்சலர் ஆனார், 1535ல் எட்டாம் ஹென்றி அவர் தலையை வெட்டினார். விவாதத்தில் ரஃபேல் ஜெயித்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாவி திறக்காத பூட்டுகள்

சரி, இப்போது உறுத்தும் இடங்களுக்கு வருவோம். அனுமதியில்லாமல் ஊரைத் தாண்டிப் போய் இரண்டாவது முறை பிடிபட்டால் அடிமை வாழ்வு. பொது விவகாரங்களை மன்றத்துக்கும் மக்கள் சபைக்கும் வெளியே கூடிப் பேசினால் மரண தண்டனை. ஆடு மாடு வெட்டுகிற வேலை அடிமைகளுடையது, குடிமக்கள் செய்தால் இரக்க குணம் மரத்துப்போகுமாம். மக்கள்தொகை மிஞ்சினால் எதிர்க்கரையில் போய்க் குடியேறுவார்கள். அங்குள்ளவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் விரட்டுவார்கள், எதிர்த்தால் போர். பயன்படுத்தாமல் போட்டுவைத்த நிலத்தைப் பறிப்பது நியாயம் என்கிறது தீவின் தர்மம். இதே வாதத்தைப் பின்னால் எத்தனை பேரரசுகள் பயன்படுத்தின என்று நமக்குத் தெரியும்.

இதற்கு மூன்று விதமாக விளக்கம் சொல்கிறார்கள். எல்லாமே கேலி, இந்தத் தீவை நம்பாதே என்று மோரே உணர்த்துகிறார் என்பது ஒன்று. கிறிஸ்துவை அறியாதவர்களே வெறும் பகுத்தறிவால் இவ்வளவு செய்தார்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கிறிஸ்தவ ஐரோப்பாவை வெட்கப்படுத்தும் உத்தி என்பது இன்னொன்று. மூன்றாவது, அக்கால அளவுகோலில் இவை அவ்வளவு கொடூரமாகத் தெரிந்திருக்காது, திருடனைத் தூக்கில் போடும் நாட்டில் அடிமைத் தண்டனையே கருணைதான் என்பது.

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்ததுதான் உண்மைக்குக் கிட்ட என்று எனக்குப் படுகிறது. எல்லாம் கேலி என்பது வசதியான தப்பித்தல். முதல் பகுதியில் அவ்வளவு கோபத்தோடு கணக்குச் சொன்னவர் இரண்டாம் பகுதியை வெறும் வேடிக்கைக்கு எழுதியிருக்க மாட்டார். தனிச்சொத்தை ஒழித்தால் பேராசையை ஒழிக்கலாம், ஆனால் பேராசை திரும்ப முளைக்காமல் பார்க்க எல்லாரும் எல்லாரையும் கண்காணிக்க வேண்டிவரும். அந்தச் சிக்கலை மோர் பூசி மெழுகாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வேண்டுமென்றா, அறியாமலா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

மதம் பற்றி ஒரு வார்த்தை. தீவில் அவரவர் விரும்பிய மதம், வன்முறையில்லாமல் பேசி மாற்றலாம். இது போப்பாண்டவருக்கு எதிரான லூத்தர் கிளர்ச்சிக்கு ஓராண்டுக்கு முன் எழுதியது. அதே மோர் சான்சலராக இருந்தபோது ஆறு பேர் மத விரோதிகளென்று எரிக்கப்பட்டார்கள். தான் முன்பு எழுதிய சிலவற்றை இந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் பெயர்த்தால் மக்கள் கெடுவார்கள், அதைவிடத் தன் கையாலேயே எரிக்க உதவுவேன் என்றுகூட 1530களின் தொடக்கத்தில் எழுதினார். புத்தகத்தையும் ஆசிரியரையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பின்னால் வந்தவர்கள்

மோர் போட்ட பாதையில் பலர் நடந்தார்கள். எல்லாரையும் சொல்ல இடமில்லை. பிரான்சில் எழுத்தாளர் ரபலே, 1534 வாக்கில், சுவரில்லாத, கடிகாரமில்லாத, 'உனக்குப் பிடித்ததைச் செய்' என்பதே ஒரே விதியான ஒரு மடத்தைக் கற்பனை செய்து அக்கால மடங்களைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிரெஞ்சுக் கட்டுரையாளர் மான்டெய்னுக்குக் கற்பனைத் தீவே தேவைப்படவில்லை. பிரேசிலிலிருந்து ரூவான் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட டுபினம்பா மக்களிடம் பிரான்ஸ் எப்படி இருக்கிறது என்று 1562ல் கேட்டார்களாம். தாடி வைத்த பெரிய வீரர்கள் ஒரு சிறுவனுக்குக் கீழ்ப்படிகிறார்களே என்பது அவர்களுடைய முதல் வியப்பு, அரசன் ஒன்பதாம் சார்ல்ஸுக்கு அப்போது 12 வயது. சிலர் தின்று கொழுத்திருக்க மற்றவர்கள் அவர்கள் வாசலிலேயே பட்டினியில் பிச்சை கேட்கிறார்கள், ஏன் அந்தச் சீமான்களின் கழுத்தைப் பிடிக்காமல் இருக்கிறார்கள் என்பது அடுத்தது. 1580ல் வந்த கட்டுரையில் இதை எழுதினார் மான்டெய்ன். ரஃபேல் நூறு பக்கத்தில் சொன்னது இங்கே இரண்டு கேள்வியில் முடிந்துவிடுகிறது.

இத்தாலியின் தொம்மாசோ கம்பனெல்லாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த துறவி. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாக 1599ல் பிடித்துக்கொண்டு போனார்கள். மரண தண்டனையிலிருந்து தப்பப் பைத்தியம் போல நடித்து, ஒரு நாளுக்கு மேல் நீண்ட சித்திரவதையிலும் நடிப்பை விடாமல் தாக்குப்பிடித்து, நேப்பிள்ஸ் சிறைகளில் சுமார் 27 ஆண்டு கிடந்தார். அங்கே 1602ல் எழுதியதுதான் 'சூரிய நகரம்'.

அந்த நகரம் எங்கே இருக்கிறது தெரியுமா? தப்ரபேனில். பழைய கிரேக்கர்கள் இலங்கைக்கு வைத்த பெயர் அது, மறுமலர்ச்சிக் கால வரைபடங்களில் சில நேரம் சுமத்திராவுக்கும் போனது. நகரத்து மக்கள் கொடுங்கோலருக்குத் தப்பி இந்தியாவிலிருந்து வந்தவர்களாம். மோரின் ரஃபேலும் ஊர் திரும்பும் வழியில் தப்ரபேன் வந்து, அங்கிருந்து கோழிக்கோடு போய்த்தான் போர்த்துக்கீசியக் கப்பல் பிடிக்கிறான். நம்மைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம், இரண்டிலும் நம் பக்கத்து நிஜ மனிதர்கள் யாரும் இல்லை. தொலைவில் இருப்பதாகத் தெரியும், ஆனால் போய்ச் சரிபார்க்க வாசகனால் முடியாது, அந்த ஒரே தகுதிக்காகத்தான் இந்தியப் பெருங்கடல். கம்பனெல்லா எழுதிக்கொண்டிருந்தபோது நிஜமான இலங்கையில் போர்த்துக்கீசியர் கொழும்பில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

சூரிய நகரத்துக்கு ஏழு வட்ட மதில்கள், அவற்றின் மேல் கணிதம், தாவரம், விலங்கு, கைத்தொழில் என்று அறிவு முழுவதும் ஓவியமாக. குழந்தைகள் நடந்துகொண்டே படிக்கிறார்கள். வேலை 4 மணி நேரம். உடல் உழைப்பாளியை இழிவாகவும், ஒரு தொழிலும் தெரியாமல் ஆள் வைத்துக்கொண்டு திரிபவனை மேன்மகனாகவும் நினைக்கிறீர்களே என்று நகரத்தார் ஐரோப்பியரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நேப்பிள்ஸில் கொஞ்சம் பேர் உழைத்துச் சாகிறார்கள், மிச்சப் பேர் சோம்பிக் கெடுகிறார்கள் என்று பெயர் சொல்லியே திட்டுகிறார், அதே ஊர்ச் சிறையில் இருந்துகொண்டு. ஆனால் யார் யாரோடு சேர்ந்து பிள்ளை பெற வேண்டும் என்பதையும் அங்கே அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். நாயையும் குதிரையையும் பார்த்துப் பார்த்து இனவிருத்தி செய்கிறீர்கள், மனிதனை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பது வாதம். குற்றப்பத்திரிகை எழுதியவர் தன் கையில் அதிகாரம் வந்தால் என்ன செய்வார் என்ற கேள்வி மோரைவிட இவரிடம் பயமுறுத்துகிறது.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஃபிரான்சிஸ் பேக்கனின் 'புதிய அட்லாண்டிஸ்' அவர் 1626ல் இறந்த பிறகு, முடிக்கப்படாமலே வெளிவந்தது. அங்கே சொத்து, குடும்பம் எதிலும் கைவைக்கவில்லை. ஆராய்ச்சி நிலையம் ஒன்று நாட்டின் கண்ணாக இருக்கிறது. சமூக விமர்சனம் வெகுவாக மெலிந்துவிட்டது. ஓரிடம் மட்டும் சிரிப்பு வரும். அந்த நாட்டு அதிகாரிக்குக் கப்பல்காரர்கள் காசு நீட்ட, 'ஒரு வேலைக்கு இரண்டு சம்பளமா?' என்று மறுக்கிறார். இதை எழுதிய பேக்கன் 1621ல் லஞ்சம் வாங்கியதாக லார்டு சான்சலர் பதவியை இழந்தவர்.

இந்த வகையையே கேலி செய்தவரும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்தில் கொன்சாலோ என்ற கிழவர், இந்தத் தீவு என் கையில் வந்தால் வணிகம் இருக்காது, செல்வமும் வறுமையும் இருக்காது, அரசும் இருக்காது என்று அடுக்குகிறார், மான்டெய்ன் கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்த வரிகள். பக்கத்தில் நிற்பவன் வெட்டுகிறான்: 'ஆனாலும் அதற்கு இவர்தான் அரசனாக இருப்பாராம்.'

குற்றப்பத்திரிகை திட்டமாக மாறியபோது

இந்த நூல்களைத் திட்டமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். மெக்சிகோவுக்கு 1531ல் ஸ்பானிய நீதிபதியாக வந்த வாஸ்கோ தெ கிரோகா, மோரைப் படித்துவிட்டு, மெக்சிகோ நகரத்துக்கு அருகிலும் மிச்சோவகானில் பட்ஸ்குவாரோ ஏரிக்கரையிலும் சாந்தா ஃபே என்ற பெயரில் குடியிருப்புகளை அமைத்தார். பொது நிலம், 6 மணி நேர வேலை, குடும்பத் தலைவர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம், எல்லாம் தீவின் விதிகள். பூர்வகுடிகளை அடிமையாக்கலாம் என்று அரசு மறுபடி அனுமதித்தபோது, 1535ல் அதை எதிர்த்து எழுதிய மனுவிலும் மோரை மேற்கோள் காட்டினார். அந்த மக்களை அடிமை வேட்டையிலிருந்து இது ஓரளவு காத்தது உண்மை. அவர்களைக் கேட்காமல் மதமும் வாழ்க்கை முறையும் மாற்றப்பட்டதும் உண்மை. தன் நாட்டுப் பணக்காரர்களைக் குத்த ஒருவர் எழுதியது, கடலுக்கு அப்பால் தோற்ற மக்களை நிர்வகிக்கும் கையேடாகிவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் எங்கெல்ஸ் முதலியோர் இந்த மரபை மதித்துக்கொண்டே 'கற்பனாவாத சோசலிசம்' என்று தனியாக ஒதுக்கிவைத்தார்கள், தமிழ் அரசியல் பேச்சுக்கு அந்தச் சொல் வந்த வழி அதுதான். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, 1918ல், மாஸ்கோவின் அலெக்சாண்டர் தோட்டத்தில் ரஷ்யாவை ஆண்ட ரோமானோவ் வம்சத்தின் நினைவுத்தூணைச் செதுக்கி மாற்றிப் புரட்சிச் சிந்தனையாளர்களின் பெயர்களைப் பொறித்தபோது மார்க்ஸ், எங்கெல்ஸோடு கம்பனெல்லாவும் மோரும் இடம்பிடித்தார்கள். 1935ல் கத்தோலிக்கத் திருச்சபை மோரைப் புனிதராக அறிவித்தது. 2013ல் தூணைப் பழையபடி ரோமானோவ் சின்னமாக்கியதில் மாஸ்கோவில் அவர் பெயர் போய்விட்டது. ரோமில் அவருக்குப் பதவி உயர்வு அதற்கு முன்பே வந்திருந்தது: 2000ல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவல் புனிதராக அறிவித்தார், நல்லவனுக்கு அரசவையில் வேலையில்லை என்று ரஃபேலைப் பேசவைத்த அதே மனிதரை.